கலிஃபோர்னியாவில் ஆர்.வி. பயணம்: கடற்கரையா, ஏரியா, மலையா?

ஜூலை மாதத்துச் சாதாரண நாள் ஒன்றில் கார்ல்ஸ்பாட் கடற்கரையில் வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். அதே பிற்பகலில் சாக்ரமென்டோ அருகே ஃபோல்சம் ஏரிக்கரையில் 100 டிகிரி கொளுத்தும். அன்று இரவே யோசெமிட்டி தேசியப் பூங்காவின் உயரப் புல்வெளிகளில் 40 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டியோடு போகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்) தேர்ந்தெடுப்பது கடினமாவது இதனால்தான். கடற்கரையில் பணத்தை வீணாக்கும் அதே மின் இணைப்பு, ஏரிக்கரையில் இல்லாமல் முடியாது. மலையில் அது பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. மூன்று இடங்களுக்கும் ஒரே அளவுகோலை வைத்து முன்பதிவு செய்கிறவர்கள் மூன்றில் இரண்டிலாவது அவதிப்படுவார்கள்.

படங்களைப் பார்த்து இடம் பிடிப்பதை விட்டுவிட்டு, வண்டியின் நீளம், மின்சாரத் தேவை, போகும் மாதம் என்ற வரிசையில் யோசித்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

முதலில் அளவு நாடா

வாடகை நிறுவனம் "25 அடி வண்டி" என்று சொல்வதை நம்பி முன்பதிவு செய்ய வேண்டாம். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை அளந்து, சைக்கிள் மாட்டும் சட்டம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மட்டுமே இரண்டு மூன்று அடி பிடிக்கும். முன்பதிவுப் பக்கத்தில் தானே ஓடும் மோட்டார்ஹோமுக்கு ஓர் உச்ச நீளமும், வேறொரு வண்டி இழுத்துவரும் ட்ரெய்லருக்கு வேறோர் உச்ச நீளமும் தனித்தனியாக இருக்கும். ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் குறைவாகவே கொடுப்பார்கள். ட்ரெய்லர் பின்னால் போகும்போது அதிக இடத்தைச் சுற்றி வளைக்கும். இழுத்து வந்த வண்டியையும் நிறுத்த இடம் வேண்டும்.

சில எண்களைப் பார்த்தால் நிலைமை விளங்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் முகாமில் மோட்டார்ஹோமுக்கு 35 அடி, ட்ரெய்லருக்கு 24 அடி. பக்கத்திலேயே இருக்கும் நார்த் பைன்ஸில் 40, 35. பிக் சூரில் உள்ள ஃபைஃபர் மாநிலப் பூங்காவில் 32, 27. டாஹோ ஏரியின் மேற்குக் கரையில் டி.எல். பிளிஸ் பூங்காவில் 18 அடியும் 15 அடியும்தான். வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான மோட்டார்ஹோம் எதுவும் அங்கே நுழைய முடியாது. இந்த எண்கள் அந்த முகாமின் உச்சம் மட்டுமே. ஒவ்வோர் இடத்துக்கும் தனி நீளம் உண்டு என்பதால், 35 அடி முகாமில் 24 அடி இடம் உங்களுக்கு ஒதுக்கப்படலாம்.

24, 25 அடி வண்டிக்கு இந்த மாநிலத்தின் பெரும்பாலான பூங்காக் கதவுகள் திறந்திருக்கும் என்பது எங்கள் கணிப்பு. 30 அடியைத் தாண்டினால் அரசுப் பூங்காக்களில் தெரிவு வேகமாகக் குறைந்து, தனியார் பூங்காக்களை நாட வேண்டிவரும். இன்னும் வண்டி வாங்காமலோ வாடகைக்கு எடுக்காமலோ இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். நீளத்தில் மிச்சப்படுத்தும் ஐந்து அடி, உள்ளே கிடைக்கும் கூடுதல் சோஃபாவைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளது. சாதாரண ஓட்டுநர் உரிமத்தில் 40 அடி வரையிலான மோட்டார்ஹோமைத்தான் ஓட்டலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடற்கரை: இடத்துக்குப் பணம், இணைப்புக்கு வேண்டாம்

கோடையின் முதல் பாதியில் தென் கலிஃபோர்னியக் கடற்கரை காலை முழுவதும் மேகமூட்டமாக இருக்கும். ஏ.சி. தேவையே இராது. அப்படியிருக்க, மின் இணைப்பு உள்ள இடத்துக்காகக் கடலை விட்டு இரண்டாம் வரிசைக்குப் போவது சரியான பேரமல்ல. சவுத் கார்ல்ஸ்பாட் மாநிலக் கடற்கரையில் செங்குத்தான மேட்டின் விளிம்பில் ஒரு வரிசை இடங்கள் இருக்கின்றன. மற்றவை சாலைப் பக்கம். விளிம்பு வரிசைக்குக் கூடுதல் கட்டணம், ஆனால் ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான். சாலைப் பக்கத்தில் நின்றால் இரவெல்லாம் கார் சத்தம். மணலுக்குப் படிக்கட்டில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்தக் குடும்பங்களுக்கு கார்ப்பின்டேரியா பொருத்தம். முகாமிலிருந்து சமதரையில் நடந்து மணலுக்குப் போகலாம், மறுபக்கம் நடந்தால் ஊர்க் கடைவீதி. அனகாபா, சாந்தா குரூஸ், சாந்தா ரோசா, சான் மிகேல் என்று எதிரே உள்ள தீவுகளின் பெயரில் நான்கு பகுதிகள். குறை ஒன்றுதான்: ரயில் பாதை மிக அருகில் போகிறது. கார்டிஃபில் உள்ள சான் எலிஹோவிலும் ரயிலும் சாலையும் பக்கத்திலேயே. மெல்லத் தூங்குகிறவர்கள் காதடைப்பான் எடுத்துப்போக வேண்டும்.

பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஹண்டிங்டன் பீச் அருகே போல்சா சிகா. இது ஆர்.வி.க்கு மட்டுமான முகாம், கூடாரம் போட முடியாது. தண்ணீரும் மின்சாரமும் உண்டு. பார்ப்பதற்குக் கார் நிறுத்துமிடம் போலத்தான் இருக்கும், மரம் கிடையாது. ஆனால் நேராக ஓட்டி நிறுத்துவது சுலபம், வாசலைத் திறந்தால் மணல். முதல்முறை வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். வென்ச்சுரா கவுண்டியின் ரின்கன் பார்க்வே இதற்கு நேர்மாறு: பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, கடலைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். மின்சாரம் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. எல்லாம் வண்டிக்குள்ளேயே உள்ளவர்களுக்கு மட்டும்.

மாநில முகாம்களில் ஜெனரேட்டர் காலை 10 மணியிலிருந்து இரவு 8 மணி வரைதான். ஃபோன், விளக்கு, தண்ணீர் பம்ப் ஆகியவற்றுக்கு வண்டி பேட்டரியே இரண்டு நாள் போதும். கழிவுத் தொட்டிதான் முதலில் நிரம்பும். வாடகை மோட்டார்ஹோமில் கழுவுநீர்த் தொட்டி சுமார் 30 கேலன், அதாவது 115 லிட்டர் அளவில் இருக்கும். நான்கு பேர் குளித்து, நம் சமையலுக்கான பாத்திரங்களையும் கழுவினால் இரண்டாம் நாளே ஷவர் தரையில் தண்ணீர் ஏறி நிற்கும். குழம்பு, தயிர் பட்ட பாத்திரங்களைக் காகிதத்தால் வழித்துவிட்டுக் கழுவுவதும், பூங்காவின் குளியலறையில் குளிப்பதும் தொட்டி தாங்கும் நாட்களை இரட்டிப்பாக்கும். கழுவுநீரைத் தரையில் விடுவது எந்தப் பூங்காவிலும் அனுமதி இல்லை.

கடற்கரையில் அதிகம் உடைவது வெயில் மறைப்புத் துணி. காலையில் காற்று அசைவே இருக்காது, விரித்துவிட்டு மணலுக்குப் போவார்கள். பிற்பகலில் கடற்காற்று எழும்பும்போது துணி பாய்மரமாகிவிடும். துணியைத் தாங்கும் உலோகக் கைகள் வளைந்து வண்டியின் பக்கச் சுவரையும் இழுத்துக்கொண்டு வரும். வாடகைக் காப்பீடு இதை ஏற்பது அரிது. ஆள் இல்லாதபோது சுருட்டி வைக்க வேண்டும். சாந்தா பார்பரா கவுண்டியின் ஹலாமா பீச்சில் இது இன்னும் தீவிரம், காற்றுக்குப் பேர்போன இடம். நெடுஞ்சாலையிலிருந்து அங்கே போக 14 மைல் வளைவுச் சாலை வேறு.

பிஸ்மோவுக்குத் தெற்கே ஒஷனோ டியூன்ஸில் மணலிலேயே வண்டியை ஓட்டிப் போய்த் தங்கலாம் என்பதைக் கேட்டு ஆசைப்படுகிறவர்கள் பலர். நான்கு சக்கரமும் சுழலாத கனமான மோட்டார்ஹோம் அங்கே மாட்டினால் அச்சு வரை புதையும், இழுத்துவிடக் கட்டணம் தாறுமாறாகும். வாடகை ஒப்பந்தங்கள் பொதுவாக மணலில் ஓட்டுவதைத் தடுக்கின்றன. அதே பகுதியில் ஒஷனோ முகாம் மின் இணைப்போடும், நார்த் பீச் முகாம் இணைப்பில்லாமலும் உறுதியான தரையில் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

ஏரி: நிழலும் 30 ஆம்பும்

ஏரி என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபோல்சம், டான் பெட்ரோ, நாசிமியென்டோ, கச்சூமா, பெரிஸ் எல்லாம் தாழ்வான மலையடிவாரத்தில் உள்ள நீர்த்தேக்கங்கள். டாஹோ, கான்விக்ட், ஜூன் ஏரிகள் உயரத்தில் உள்ள மலை ஏரிகள். அவற்றுக்கு அடுத்த பகுதியில் சொல்லும் மலை விதிகளே பொருந்தும்.

நீர்த்தேக்கக் கரையில் கோடையில் ஏ.சி. இல்லாமல் தகர டப்பாவுக்குள் உட்கார முடியாது. ஆகவே இங்கே மின் இணைப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஒரு 13,500 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏ.சி. ஓடும்போது 12 முதல் 15 ஆம்ப் எடுக்கும். அதோடு மைக்ரோவேவ் 12 ஆம்ப், மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர் 12 ஆம்ப். மூன்றும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 15 ஆம்ப் வரை இழுக்கும், அதைப் போடும் நேரம் ஏ.சி.யை நிறுத்த வேண்டும். வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. 50 ஆம்ப் என்பது இதைவிடச் சற்றுக் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். இரண்டு 50 ஆம்ப் கம்பிகள் சேர்ந்து 12,000 வாட் தரும். இரண்டு ஏ.சி. உள்ள வண்டிக்கு அதுவே வேண்டும்.

பழைய முகாம்களில் இன்னொரு கோளாறு உண்டு. மாலை நான்கு முதல் ஏழு மணி வரை எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடும்போது மின்னழுத்தம் விழும். 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 104க்குக் கீழே போனால், மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகி ஏ.சி.யின் கம்ப்ரசர் கெட்டுப்போகும். செருகும் முன் முகாமின் மின்கம்பத்துப் பிரேக்கரை அணைத்து, செருகிய பின் போடவும். உள்ளே ஒரு சிறிய வோல்ட் மீட்டரைச் செருகி வைத்து, எண் 108ஐத் தொட்டால் ஏ.சி.யை நிறுத்திவிடவும். அழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் கருவி விலை அதிகம், ஆனால் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது கம்ப்ரசரைவிட மலிவு.

கழிவுக் குழாய் இணைப்பும் சேர்ந்த இடம் கிடைத்தால் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. நீர் மட்டும் ஓடிப்போய், திடக்கழிவு தொட்டிக்குள் குவிந்து இறுகிவிடும். வால்வை மூடி வைத்து, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அதன் பின்னால் கழுவுநீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் அலசப்பட்டுவிடும். தண்ணீர்க் குழாயில் அழுத்தக் கட்டுப்படுத்தி இல்லாமல் இணைக்காதீர்கள். 60 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் வண்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் கசியத் தொடங்கும்.

ஏரியை நீச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கச்சூமா குடிநீர்த் தேக்கம், அதில் இறங்கிக் குளிக்க வழக்கமாக அனுமதி இல்லை. மீன்பிடிக்கவும் படகுக்கும் நல்ல இடம், முழு இணைப்பும் உண்டு. ஆனால் பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விடலாம் என்று போனால் ஏமாற்றம்தான். சொந்தப் படகு கொண்டுபோகிறவர்கள் குவாகா, கோல்டன் ரக மட்டிகள் பரவாமல் தடுக்கும் சோதனைக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். 2024இல் ஸ்டாக்டன் துறைமுகப் பகுதியில் கோல்டன் மட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பல தேக்கங்கள் விதிகளை இறுக்கிவிட்டன. சில இடங்களில் படகை 30 நாள் முத்திரையிட்டு வைத்த பிறகுதான் இறக்க விடுவார்கள்.

ஆகஸ்ட், செப்டம்பரில் தேக்கங்களின் நீர்மட்டம் இறங்கி, "ஏரிக்கரை இடம்" என்று பிடித்ததிலிருந்து தண்ணீர் வெகுதூரம் தள்ளிப்போயிருக்கும். இடையில் வெறும் சேறு. வெப்பத்தில் நீலப்பச்சைப் பாசியும் பெருகும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் இறப்பதுண்டு. ஏரிக்கான சரியான காலம் ஏப்ரலும் மே மாதமும். தேக்கம் நிறைந்திருக்கும், சுற்றுக் குன்றுகள் பச்சையாக இருக்கும், வெயிலும் பொறுக்கக்கூடியது. பள்ளி விடுமுறைக்காக ஜூலையில் ஏரிக்குப் போவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்குப் பதிலாக ஜூலையில் மலைக்குப் போங்கள்.

மலை: சாலையே தீர்மானிக்கும்

சியரா நெவாடாவின் தேசியப் பூங்கா முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. அதைவிட முக்கியம், அங்கே போகும் வழி. செக்கோயா தேசியப் பூங்காவின் தெற்கு வாசல் வழியாகப் போகும் ஜெனரல்ஸ் ஹைவேயில் பாட்விஷா முகாமிலிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் வரை 22 அடிக்கு மேற்பட்ட வண்டிகள் வர வேண்டாம் என்று பூங்கா அறிவுறுத்துகிறது. நீள வண்டிக்காரர்கள் ஃபிரெஸ்னோவிலிருந்து 180ஆம் எண் சாலையில் கிரான்ட் குரோவ் வழியாகச் சுற்றி வர வேண்டும். ஜி.பி.எஸ். இதைச் சொல்லாது. யோசெமிட்டிக்கு மெர்சிடிலிருந்து வரும் 140ஆம் எண் சாலை ஆற்றோடு ஒட்டி மெல்ல ஏறுவது, மோட்டார்ஹோமுக்கு அதுவே நல்லது. 120இல் மேற்கிலிருந்து வந்தால் "ஓல்ட் பிரீஸ்ட் கிரேட்" என்ற குறுக்குவழியில் தவறியும் திரும்பக் கூடாது; செங்குத்தான அந்த ஏற்றத்தில் இன்ஜின் கொதித்துவிடும், இறக்கத்தில் பிரேக் புகையும். டாஹோவின் மேற்குக் கரையில் எமரால்டு பே வளைவுகளும் பெரிய வண்டிக்கு ஏற்றவை அல்ல.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருவதுதான் பிரேக் செயலிழக்கக் காரணம். மேலே இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட்டு, வேகம் கூடும்போது ஓங்கி அழுத்திக் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். அப்போது பிரேக் ஆற நேரம் கிடைக்கும்.

மலையில் முதல் இரவு நின்றுபோவது ஹீட்டர். கேஸ் தீர்ந்ததால் அல்ல, பேட்டரி தீர்ந்ததால். சூட்டைத் தள்ளும் விசிறி சுமார் 7 ஆம்ப் இழுக்கும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர் மணி போய்விடும். 100 ஆம்பியர் மணி சாதாரண ஈய பேட்டரியில் பயன்படுத்தத் தக்கது பாதிதான். மாலையில் விளக்கும் பம்பும் எடுத்தது போக, விடியற்காலை நான்கு மணிக்கு ஹீட்டர் அடங்கும். யோசெமிட்டியில் ஜெனரேட்டருக்கு அனுமதி காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே. மாலை நேரத்தைத் தவறவிடாமல் இரண்டு மணி நேரமும் ஓட்டி, ஹீட்டரை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே வைத்து, கனமான போர்வையோடு படுத்தால் இரவு தாண்டும். தூக்கத்தில் மூச்சுக் கருவி பயன்படுத்துகிறவர்கள் தனி பேட்டரி எடுத்துப்போக வேண்டும்.

உயரம் ஏற ஏற இன்ஜினும் ஜெனரேட்டரும் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவிழக்கும். கேஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் 5,500 அடிக்கு மேல் சரியாகக் குளிராது, சில நேரம் சுடரே அணைந்துவிடும். வண்டி சாய்ந்து நின்றாலும் அதே ஃபிரிட்ஜ் வேலை செய்யாது, எனவே சக்கரத்தடியில் பலகை வைத்து மட்டப்படுத்துவது தூக்கத்துக்காக மட்டுமல்ல.

சமையலும் மாறும். செக்கோயாவின் லாட்ஜ்போல் 6,700 அடியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் எடுத்துப்போய் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். மாவை வீட்டிலேயே புளிக்க வைத்துக் கொண்டுபோங்கள், அந்தக் குளிரில் அது பொங்காது.

கரடி விஷயத்தில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். யோசெமிட்டியில் சுவர் கெட்டியான ஆர்.வி.க்குள் உணவை வைக்கலாம். ஆனால் ஜன்னல், கதவு, காற்றுத் துவாரம் எல்லாம் மூடியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு பக்கத்தில் நிற்கும் காரில் பிஸ்கட் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. துணிச்சுவர் வண்டிக்கு முகாமில் உள்ள இரும்புப் பெட்டிதான்.

ஏரியும் மலையும் சேர்ந்து வேண்டும், வளைவுச் சாலையில் ஓட்டப் பயம் என்பவர்களுக்குக் கிழக்குச் சியராவின் 395ஆம் எண் நெடுஞ்சாலை அருமையான தீர்வு. அகலமான சாலை, கான்விக்ட் ஏரியும் ஜூன் ஏரியும் அதிலிருந்து சிறிது தூரத்தில். அங்கே பயப்பட வேண்டியது பக்கக்காற்று: உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் பிஷப்பிலேயே நின்றுவிடுங்கள்.

மலைக்கு உகந்தது ஜூன் கடைசியும் ஜூலையும். ஆகஸ்ட் பாதிக்கு மேல் காட்டுத்தீப் புகை எப்போது வேண்டுமானாலும் சூழலாம். 2021இல் கால்டர் தீயின்போது சவுத் லேக் டாஹோ ஊரையே காலி செய்தார்கள். அந்த செப்டம்பர் தொடக்கத்தில் மாநிலத்தின் தேசியக் காடுகள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டன. செப்டம்பரும் அக்டோபரும் கடற்கரைக்கு: மேகமூட்டம் விலகி, கடல்நீர் ஓரளவு சூடாகி, பள்ளி திறந்ததால் வார நாட்களில் இடமும் கிடைக்கும்.

முன்பதிவும் ஒரு வழித்தடமும்

மாநிலப் பூங்காக்களுக்கு ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நாள் திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கு முகாம்களின் வழக்கமான முறை வேறு: ஐந்து மாதம் முன்னால், மாதத்தின் 15ஆம் தேதி காலை 7 மணிக்கு ஒரு மாதத்துக்கான இடங்கள் ஒரே நேரத்தில் திறந்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். நேரம் பசிபிக் நேரம். அன்று கிடைக்காவிட்டால், பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ரத்தாகும் இடங்களைத் தினமும் பாருங்கள். ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள் அப்போது காலியாகும்.

மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்றால் 41ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். மாரோ பே கடற்கரையில் தொடங்கி யோசெமிட்டியின் தெற்கு வாசலில் முடிகிறது. மாரோ பேக்குத் தெற்கே உள்ள பிஸ்மோவில் இரண்டு இரவு, ஓக்ஹர்ஸ்ட் அருகே 3,400 அடி உயரத்தில் இருக்கும் பாஸ் ஏரியில் ஒரு இரவு, பிறகு பூங்கா. இடையில் ஃபிரெஸ்னோ சமவெளியின் வெயிலைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது; 100 டிகிரியில் பழைய டயர்கள் வெடிப்பது அங்கேதான். கிளம்பும் முன் பிஸ்மோவில் கழிவைக் கொட்டி, நல்ல தண்ணீரைக் கால்வாசி மட்டும் வைத்துக்கொண்டு ஏறுங்கள், ஒரு கேலன் எட்டு பவுண்டுக்கு மேல் எடை. ஓக்ஹர்ஸ்ட்டில் பெட்ரோல் டேங்கை நிரப்பிவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் பங்க் கிடையாது. வவோனாவிலும் கிரேன் ஃப்ளாட்டிலும் இருப்பவற்றில் விலை கூடுதல்.